பறவையிலிருந்து பாலூட்டிக்கு

பறவைக் காய்ச்சல் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது "கோழி சாப்பிடலாமா?" என்றுதான். நன்றாக வேகவைத்த இறைச்சியில் அந்த வைரஸ் பிழைக்காது. ஆகவே அந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடுவோம். நான் சொல்ல வருவது அதைவிடப் பாரதூரமான விசயம்.

ஆர்ஜென்டீனாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச் சீல்கள் ஆண்டுதோறும் குட்டி ஈனக் கரையேறும். ஆண் சீலின் தொங்கும் மூக்கைப் பார்த்து வைத்த பெயர் அது. 2023 ஒக்டோபரில் அங்கே பிறந்த குட்டிகளில் 95 வீதத்துக்கும் மேல், அதாவது சுமார் 17,000 குட்டிகள், சில வாரங்களுக்குள் செத்துப்போயின. வழமையான வருடங்களில் இந்த இழப்பு ஒரு வீதத்தைக்கூட எட்டுவதில்லை. காரணம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ்.

இந்த வைரஸின் பூர்வீகம் சீனாவின் குவாங்டொங் மாகாணம். 1996இல் அங்கே வாத்துகளில் கண்டார்கள். அடுத்த வருடம் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். பண்ணைகளுக்குள் சுற்றிய இந்த வைரஸ் பிறகு காட்டுப் பறவைகளோடு சேர்ந்து கண்டங்களைத் தாண்டியது. 2022 பிற்பகுதியில் தென்னமெரிக்காவுக்கு வந்தது. பெருவின் கரையோரத்தில் முதலில் கூழைக்கடாக்கள் செத்து விழுந்தன, அடுத்து கடற்சிங்கங்கள்.

"கோழிக்கு வாற காய்ச்சல் கடல்ல இருக்கிற மிருகத்துக்கு எப்பிடிப் போகும் சேர்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. 'தொற்று' என்ற நம் சொல்லே அதற்குப் பாதி பதில் தருகிறது. நிறைந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனோம் என்கிறோமே, அதே வினைதான். தொற்றுவதற்குக் கைபிடி வேண்டும். உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலம்தான் இந்த வைரஸுக்குக் கைபிடி. பறவைகளின் உடலில் அது ஒரு வடிவத்தில் இருக்கிறது, மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இன்னொரு வடிவத்தில். அதனால்தான் பறவை வைரஸ் நம்மை இலேசில் பிடிப்பதில்லை.

பிடித்தாலும் போதாது, உள்ளே போய்ப் பெருகவும் வேண்டும். வைரஸின் படியெடுக்கும் புரதம் பறவை உயிரணுவுக்குப் பழகியது. பாலூட்டியின் உயிரணுவில் அது தடுமாறும். ஆனால் அந்தப் புரதத்தில் ஓரிரு சிறு மாற்றங்கள் வந்தால் தடுமாற்றம் நீங்கிவிடுகிறது. கடற்சிங்கங்களிலும் யானைச் சீல்களிலும் எடுத்த வைரஸில் அப்படியான மாற்றங்கள் இருந்தன.

நரியும் கரடியும் நோயுற்ற பறவையைத் தின்று தொற்றிக்கொண்டன என்றால் விளங்குகிறது. அது அந்த மிருகத்தோடு முடிந்துபோகும் தொற்று. யானைச் சீல் குட்டியின் கதை அப்படியில்லை. அது முதல் மூன்று வாரமளவு தாய்ப்பால் மட்டுமே குடித்துக் கரையிலேயே கிடக்கும். பறவையைத் தின்னாத குட்டிகள் ஆயிரக்கணக்கில் செத்ததற்கு என்ன விளக்கம்? பெரு, சிலி, ஆர்ஜென்டீனா கடல் பாலூட்டிகளில் கிடைத்த வைரஸ்கள் மரபணுவில் ஒரே கிளையாக நின்றன. பாலூட்டியிலிருந்து பாலூட்டிக்கே பரவியது என்று ஆய்வாளர்கள் முடிவெடுத்தது இந்த அடிப்படையில்தான். அதே கரையில் செத்த ஆலாக்களிலும் இந்தக் கிளையே இருந்தது. பறவையிடமிருந்து வந்தது, திரும்பப் பறவைக்கே போயிருக்கிறது!

இதற்கு முன்னோட்டம் போல 2022 ஒக்டோபரில் ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு மிங்க் பண்ணையில் தொற்று கூண்டுக்குக் கூண்டு பரவி, 50,000க்கும் மேற்பட்டவற்றை அழிக்க நேர்ந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் கண்டார்கள். காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டுப் பழக்கம் எவ்வளவு பெறுமதியானது என்று இதில் தெரிகிறது.

மனிதருக்கு இன்னும் இலேசாகத் தாவவில்லை என்பது உண்மை. ஆனால் 2023 மார்ச்சில் வட சிலியில் ஒருவர் கடும் நோயுற்றார். அவரிடம் எடுத்த வைரஸில், கடற்சிங்கங்களில் கண்ட அதே இரண்டு மாற்றங்கள் இருந்தன. அவரிடமிருந்து வேறு எவருக்கும் தொற்றவில்லை.