உள்ளங்கை எந்தப் பக்கம்?

கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்கும்போது உள்ளங்கை வெளியே பார்த்தால் புல்-அப்ஸ். நம்மைப் பார்த்தால் சின்-அப்ஸ். சின்-அப்ஸ் எடுப்பவனை "ஏமாத்துறான்டா" என்று கிரவுண்டில் கிண்டல் பண்ணுகிறார்கள். அது தப்பு! இரண்டிலும் முக்கிய வேலை முதுகின் அகன்ற தசைக்குத்தான் (பெயர்: லாட்டிசிமஸ் டார்சி).

அப்புறம் ஏன் சின்-அப்ஸ் சுலபமாக வருது? இப்பவே பாருங்கள். வலது முழங்கையை மடக்கி, இடது கையால் புஜத்தைப் பிடியுங்கள். வலது உள்ளங்கையை மேல்நோக்கி இறுக்கித் திருப்புங்கள். பைசெப்ஸ் கல்லு மாதிரி திரளுதா? இது கட்டைவிரல் பக்க முன்கை எலும்பில் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை நம் பக்கம் இருந்தால்தான் நன்றாக இழுக்கும். புல்-அப்ஸில் அந்த உதவி குறைவு. அதனால்தான் கஷ்டம்.

ஒன்றுகூட வராதவர்கள் பெஞ்சில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்து, மெதுவாக இறங்கிப் பழகுங்கள். முதலில் சின்-அப்ஸ், அப்புறம் புல்-அப்ஸ். மிலிட்டரி ஆள்சேர்ப்பில் இதை 'பீம்' என்கிறார்கள். 10 எடுத்தால் 40 மார்க்!