காதில் கேட்ட கோளாறு, திரையில் தெரியும் கோளாறு

1980களின் காரைக்காலில் டாக்சி என்றால் அம்பாசிடர்தான். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஓடிய மீட்டர்கேஜ் ரயில் அந்தப் பத்தாண்டில்தான் நின்றுபோனது. அதன்பின் திருநள்ளாற்றுச் சனீஸ்வரனைக் கும்பிட வருபவர்கள் மயிலாடுதுறையிலோ நாகூரிலோ இறங்கிச் சாலை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. சனிப்பெயர்ச்சி நேரத்தில் வண்டி மக்கர் செய்தால் அந்த வருமானம் போச்சு. அதனால் டிரைவர்கள் எல்லோருமே பாதி மெக்கானிக்காக இருந்தார்கள்.

அந்த வண்டிகளின் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாவிட்டால் ஒன்று, ஆயில் பிரஷர் குறைந்தால் ஒன்று. மற்றதையெல்லாம் மெக்கானிக்கின் காதும் மூக்கும் விரலும் கண்டுபிடிக்க வேண்டும். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, டேப்பட் சத்தமா பேரிங் சத்தமா என்று பிரித்துச் சொல்வார்கள். பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே பேசும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், இளம்பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. பாயிண்டை எமரித் தாளால் தேய்த்து, கார்புரேட்டர் ஜெட்டை ஊதி மாட்டினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும்.

இதில் ஊகமும் நிறைய இருந்தது. ஒரே கோளாறுக்கு மூன்று முறை பட்டறைக்குப் போனவர்கள் உண்டு. வண்டிகள் கக்கிய புகையையும் குடித்த பெட்ரோலையும் இன்று யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒரு நல்ல வழக்கம் அன்று இருந்தது. வண்டிக்காரர் மெக்கானிக்கின் பக்கத்திலேயே நிற்பார். தேய்ந்த பாயிண்டும் கிழிந்த டயாஃப்ரமும் அவர் கைக்கு வரும். “பாருங்க, இதுதான் போயிருக்கு” என்று காட்டிய பிறகுதான் காசுப் பேச்சு.

கார்புரேட்டரின் காலம் 2000ஆம் ஆண்டையொட்டி முடியத் தொடங்கியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர்களும் அவற்றை ஆளும் கம்ப்யூட்டரும் வந்தன. பிஎஸ்-4 விதிகளின் கீழ், வண்டி தன்னைத்தானே கண்காணிக்கும் ஓபிடி ஏற்பாடு 2010 ஏப்ரலில் கட்டாயமானது. அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. இன்று காரைக்காலின் பிஒய் 02 பதிவெண் தாங்கிய எந்தப் புதிய காரிலும் ஸ்டீரிங்குக்குக் கீழே பதினாறு ஊசித் துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால், கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறுக் குறியீடுகள், பட்டறைப் பேச்சில் ‘கோடு’கள், திரையில் வந்துவிடும்.

விளக்கின் நிறத்தை முதலில் பார்க்க வேண்டும். ஆயில், வெப்பம், பிரேக் ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் சோதிக்கச் சொல்கிறது. செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டாம், சில நாளுக்குள் காட்டினால் போதும். அதுவே விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் போய், விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். அப்போது வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துவதுதான் சிக்கனம்.

ஸ்கேனரில் வரும் கோடு தெர்மாமீட்டர் காட்டும் காய்ச்சலைப் போன்றது. உடம்பில் ஏதோ சரியில்லை என்பது நிச்சயம், என்ன நோய் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பி0420 என்ற கோடு, கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. காரணம் கன்வெர்ட்டராகவே இருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் தளர்ந்திருக்கலாம், புகைக் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கலாம். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம். விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய்கூட அதைச் செய்யும். சோதிக்காமல் கோட்டை மட்டும் படித்துப் பாகத்தை மாற்றினால், பல ஆயிரம் செலவழித்த பிறகும் விளக்கு மறுபடி எரியும்.

காரைக்காலில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். கடற்காற்றின் உப்பு, ஒயர் முனைகளிலும் கனெக்டர்களிலும் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான தெருக்களில் தேங்கும் நீர் சக்கரத்தருகே உள்ள ஏபிஎஸ் சென்சார்களை நனைக்கிறது. வயல் சூழ்ந்த ஊர் என்பதால் எலிகளும் என்ஜினுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும். ஏபிஎஸ், ஸ்டீரிங், செக் என்ஜின் எல்லாம் ஒன்றாக எரிந்தால் முதலில் பேட்டரியையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். என்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டாவிட்டால் கம்ப்யூட்டர்கள் குழம்பி, இல்லாத கோளாறையெல்லாம் அறிவிக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய விஷயம் இது.

ஆனால் இன்று வண்டிக்காரர் நிற்பது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். வண்டி உள்ளே போகிறது, சர்வீஸ் அட்வைசர் எஸ்டிமேட்டோடு வருகிறார். தாளில் பாகத்தின் பெயரும் தொகையும் இருக்கின்றன. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது இல்லை. ஷோரூமிடம் கம்பெனியின் முழு ஸ்கேனர், பயிற்சி, வேலைக்கு உத்தரவாதம் எல்லாம் உண்டு. ஏர்பேக், ஹைபிரிட் பேட்டரி, வாரண்டிக்குள் உள்ள வேலை ஆகியவற்றுக்கு அங்கே போவதே சரி. அதற்காக, சொன்ன தொகைக்குத் தலையாட்டியாக வேண்டும் என்பதில்லை.

வண்டிக்காரர் ஷோரூமையே நம்பியிருக்க வேண்டிய இந்த நிலையை நாட்டின் போட்டி ஆணையமே விசாரித்திருக்கிறது. கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 2011இல் ஒரு நுகர்வோர் அளித்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. 2014 ஆகஸ்ட் 25இல் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பாகங்களும் கருவிகளும் வெளியில் கிடைக்க வேண்டும், வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்துசெய்யக் கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. மேல்முறையீடுகளில் தொகை பற்றிய சண்டை நீண்டது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கார்களுக்கு இதே உரிமையை 2012இலேயே சட்டமாக்கிவிட்டது.

சட்டம் இன்னும் முழுதாக வராவிட்டாலும் வாய் இருக்கிறது. கேட்க வேண்டியவை இவைதான். என்ன கோடு வந்தது, எழுதித் தருவீர்களா? இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது? ஒயரையும் கனெக்டரையும் பார்த்தாகிவிட்டதா? உடனே செய்ய வேண்டியது எது, காத்திருக்கக்கூடியது எது? பாகம், லேபர், வரி தனித்தனியாக எவ்வளவு? மாற்றினால் பழைய பாகத்தை என் கையில் தருவீர்களா? நேர்மையான சர்வீஸ் சென்டருக்கு இந்தக் கேள்விகள் சுமையே இல்லை. மழுப்பலான பதில் வந்தால், வண்டி ஓட்டும் நிலையில் இருந்தால் இன்னொரு பட்டறையில் ஸ்கேன் போட்டுப் பார்க்கலாம். ஏமாற்றப்பட்டதற்கு ஆதாரம் இருந்தால் 1915 என்ற உதவி எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஜாப் கார்டையும் எஸ்டிமேட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மறுபக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துப் படித்தவர்களின் அடுத்த தலைமுறை மெக்கானிக்குகள், ஸ்கேனரில் கோட்டைப் படிப்பதோடு நின்றுவிடக் கூடாது. வரைபடம் பார்த்து ஒயரைத் தேடவும், வோல்ட் அளந்து சென்சாரைச் சோதிக்கவும் கற்க வேண்டும். ஊரில் ஐடிஐ இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. பட்டறைக்காரர்களுக்கு மாலை நேரப் பயிற்சி நடத்த இவை போதும். மெக்கானிக் சோதித்துக் காட்ட வேண்டும், வண்டிக்காரர் பார்த்துப் புரிந்துகொண்டு பணம் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததால் இந்த முறையைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை. சொல்லப்போனால், அன்று காதை நம்பிச் சொன்னதை இன்று எண்ணிலேயே காட்ட முடிகிறது.