தகப்பனாருக்கு ஒரு தோல் வார்

நமது தகப்பனார் எழுபத்தெட்டு வயதான விவசாயி. வேட்டியின்மேல் கட்டும் அகன்ற பெல்ட்டு இல்லாமல் அவர் வாசற்படி இறங்கியதை நாம் கண்டதில்லை. பணமும், சாவிக்கொத்தும், வெற்றிலைச் சுருளும் அதன் பையில்தான் இருக்கும். சென்ற ஆண்டு நோயில் படுத்து எழுந்தபின் உடல் இளைத்துப் போய், பழைய பெல்ட்டின் கடைசித் துவாரமும் அவருக்கு உதவாமற் போயிற்று. கடையில் இரண்டு வாங்கிக் கொடுத்தோம். மேலே தோல் போல் மினுக்கும் பூச்சு, உள்ளே அட்டை. மூன்றாம் மாதமே மடிப்பில் உரிந்துவிட்டது. ஆகவே நாமே ஒன்று செய்து தருவதெனத் தீர்மானித்தோம். ராஜீய விவகாரங்களுக்கு உரிய இந்தப் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று கேட்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

நமக்கு ஆசிரியராக வாய்த்தவர், கோர்ட்டு மதிலோரம் முப்பது வருஷமாகச் செருப்புத் தைக்கும் பெரியவர். தொழில் கற்றுத் தரும்படி கேட்டபோது, “வக்கீல் ஐயாவுக்கு இது எதுக்குங்க?” என்று சிரித்தார். மறுநாள் மாலை வரச் சொன்னார்.

அவர் முதலிற் கேட்டது, எந்தத் தோல் என்பதே. கடைத் தோல்களிற் பெரும்பாலானவை குரோமிய உப்பினால் பதனிடப்பட்டவை. அவை விரைவில் பதமாகும், மிருதுவாக இருக்கும், ஆனால் பூ வேலைக்கு உதவா. அழுத்திய கோடு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தோலோ நனைத்தால் களிமண் போல் இளகி, உலர்ந்தபின் தான் பெற்ற அச்சை விடாது காக்கும். சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்காக ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றினால் முடிப்பது நம் நாட்டு முறை. பிற்காலத்தில் ஆவாரையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டை பிடித்துக் கொண்டது. குரோமியக் கழிவு பாலாற்றுக்குச் செய்த கேட்டை 1996-ஆம் வருஷத்து வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துரைத்ததை வக்கீல்கள் அறிவார்கள். பட்டைத் தொட்டியின் கழிவும் பன்னீர் அல்ல.

இந்தப் பட்டைத் தோலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுகளுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் ஏராளமாகக் கப்பலேறியது. 1919-இல் இந்திய சர்க்கார் பதனிடாத தோலின் ஏற்றுமதிக்கு நூற்றுக்குப் பதினைந்து வரி விதித்தார்கள். சாம்ராஜ்யத்துக்குள்ளேயே பதனிடச் செல்லும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 1923-இல் அந்தத் தள்ளுபடி ஒழிந்தது. வரியும் ஐந்தாகக் குறைந்தது. அந்நாளைய தேசாபிமானிகள் இவ்வரியைப் பற்றி வாதாடியது நியாயமே. தோலைத் தொட்டுத் தைப்பவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்விக்கு அந்த வாதங்களில் அவ்வளவு இடமிருக்கவில்லை.

வேலைக்கு வருவோம். பெல்ட்டுக்கு முதுகுப் பக்கத்துத் தோலே வேண்டும். வயிற்றுப் பக்கம் நாளடைவில் நீளும். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டினோம். ஈரப் பஞ்சால் துடைத்து, மேல்நிறம் உலர்ந்தது போல் திரும்பும் வரையில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அச்சு மங்கும். தாமதித்தால் தோல் இடங்கொடாது. நாம் முதல் துண்டை ஒரு விதத்திலும் இரண்டாம் துண்டை மற்ற விதத்திலும் கெடுத்தோம். பிறகு கத்தி முனையால் கோடு கீறி, கோட்டின் ஒரு பக்கத்தை இரும்பு அச்சினால் தட்டித் தாழ்த்தினால் கொடியும் இலையும் மேலெழுந்து நிற்கின்றன. இதை அவர் பள்ளியிற் கற்கவில்லை. அவருடைய தகப்பனார் வண்டி மாடுகளுக்குச் சலங்கை வார் செய்தவராம்.

தையலுக்கு ஒரு நூல், இரண்டு ஊசி. ஒரே துவாரத்தில் இரு புறமிருந்தும் ஊசிகள் எதிரெதிராகச் செல்லும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் பிரியாது. யந்திரத் தையலுக்கு இந்த உறுதி கிடையாது. பைக்குத் தையல் போட நமக்கு நான்கு மாலைகள் பிடித்தன. அவர் மறு ஓரத்தை ஒரு மணி நேரத்தில் முடித்தார்.

தென்னாப்பிரிக்காவில் 1910-இல் ஏற்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் பாரிஸ்டர் காந்தி செருப்புத் தைக்கக் கற்றார். நண்பர் காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் கற்று வந்து அவருக்குக் கற்பித்தார். ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914-இல் அளித்த ஜோடு 1939-இல் காந்தியடிகளிடமே திரும்பி வந்த கதையை நேயர்கள் அறிவார்கள். பாரிஸ்டர் தைத்தால் அது சரித்திரமாகிறது. பரம்பரையாகத் தைத்தவர்களுக்கு நாம் கொடுத்தது ஊருக்கு வெளியே ஒரு தெரு.

துவாரம் போடும் முன் இடுப்பைத் தாமே அளக்க வேண்டுமென்று பெரியவர் பிடிவாதம் செய்தார். உட்கார்ந்தால் வயிறு விரியும். நின்ற அளவு பொய் சொல்லும் என்பது அவர் வாதம். கிராமத்துக்கு அழைத்துச் சென்றோம். வாசலில் நின்றுவிட்டார்.

தீண்டாமையை ஒழித்த 17-ஆம் ஷரத்து 1950-இல் அமுலுக்கு வந்தது; நமது தகப்பனார் அப்போது சிறு குழந்தை. இருந்தும் கவலை ஏற்றத்தின் தோல் வாலைத் தைக்க வந்தவர்களை, வயதில் மூத்தவர்களானாலும், ‘வா, போ’ என்றே அழைத்து வளர்ந்தவர். அன்று ‘நீ’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. ‘நீங்கள்’ என்றும் வரவில்லை. “எப்போது வந்தது? காப்பி ஆச்சா?” என்று ஆளைத் தொடாமலே பேசினார். நம் பாஷையில் அதற்கு வசதி உண்டு.

திண்ணையில் அவர் உட்கார, பெரியவர் மண்டியிட்டு இடுப்பைச் சுற்றிக் கயிற்றை வளைத்தார். “மூச்சை இழுக்காதீங்க” என்றார். தகப்பனார் மூச்சை விட்டார். தாயார் டம்ளரில் காப்பி கொண்டு வந்தார். குடித்ததும் பெரியவர் டம்ளரைக் கழுவக் குழாயைத் தேடினார். “அதை அங்கேயே வையுங்க, இப்படித் திண்ணையிலே உட்காருங்க” என்றார் தகப்பனார்.

பெல்ட்டு முடிந்தது. அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு துவாரங்கள்; நடுத் துவாரம் இன்றைய இடுப்புக்கு, மற்றவை உடல் தேறினால் அல்லது இளைத்தால். தகப்பனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சலங்கை வாரின் கொடி இதுதான் என்று சட்டென அடையாளம் சொன்னார். கோணல் தையல் எவனுடையது என்பதையும் சொன்னார். பிறகு, “அவர் பேர் என்ன?” என்று கேட்டார்.

பதினெட்டு வருஷம் செருப்புத் தைத்துக் கொண்டும், பதினொரு மாலைகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டும், ‘பெரியவரே’ என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டியிருந்தோம். திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனதும் கேட்டோம். பெயரைச் சொன்னார், பக்கிளுக்கு எண்பது ரூபாய் பாக்கி இருப்பதையும் சொன்னார்.