காற்றும் வெயிலும் கூரையின் உரிமையும்: மலையக மின்வழங்கல் பற்றிய ஒரு குறிப்பு

பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் திட்டம் 1950இல் லக்சபானவில் இயங்கத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. மலையின் நீர் மின்சாரமாகிக் கொழும்பை அடைந்தது. நீர்த்தேக்கங்களின் கரையிலிருந்த தோட்ட லயங்களிலோ பல பத்தாண்டுகளுக்குக் குப்பி விளக்கே எரிந்தது. இதற்கு முன்னரும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, பல தோட்டங்களில் ஓடைநீரால் இயங்கும் சிறு மின்பொறிகள் இருந்தன. அவை தேயிலைத் தொழிற்சாலையை இயக்கின. துரையின் பங்களாவுக்கு ஒளி தந்தன. அங்கிருந்து லயத்துக்கு ஒரு கம்பி இழுப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருந்ததில்லை.

காற்றையும் சூரிய ஒளியையும் இணைத்துத் தனித்தியங்கும் மின்வழங்கலை அமைத்தல் பற்றி இன்று பேசப்படுகின்றது. இலக்கிய மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என வினவலாம். வாசிப்பு விளக்கிலிருந்தே தொடங்குகின்றது என்பதே விடையாகும்.

இவ்விணைப்பின் தத்துவம் எளியது. சூரியத் தகடு பகலில் மட்டுமே மின் தரும். காற்று இரவிலும் வீசும், ஆயின் நிலையற்றது. ஒன்று ஓய்கையில் மற்றையது உழைப்பின், செலவு மிக்க பகுதியாகிய சேமிப்பு மின்கலங்களின் அளவைக் குறைக்கலாம். இரண்டும் தரும் மின் மின்கலங்களிற் சேர்க்கப்பட்டு, பின்னர் ஆடலோட்ட மின்னாக மாற்றப்பட்டு வீடுகளுக்குச் செல்லும். மலையகத்தின் பருவங்கள் இதற்கு ஓரளவு இசைவானவை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அட்டன், மஸ்கெலியாப் பகுதிகளை முகில் மூடும். அப்போது மலைமுகடுகளிற் காற்று வலுக்கும். தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். குளிர்ச்சி சூரியத் தகட்டின் திறனுக்கும் நன்று.

இடர்களும் உள. காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும்; வேகம் பாதியாயின் எட்டிலொன்றே எஞ்சும். ஆதலால் முகட்டில் உழைக்கும் சுழலி, லயங்கள் பல அமைந்துள்ள பள்ளத்தாக்கிற் பயன்படாது போகலாம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலிருப்பதைவிட ஆறிலொரு பங்கு குறைவு. ஆகவே மழைக்காலத்திற் பெருகும் ஓடைநீரையும் மூன்றாவது துணையாகக் கொள்ளுதல் இங்கு பொருந்தும்.

இத்தகைய இணைப்பு முயற்சியை இலங்கையிற் காண விரும்புவோர் மலையகத்தை விட்டு யாழ்ப்பாணத் தீவகத்தையே நோக்க வேண்டும். எழுவைதீவில் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்த தொகுதியொன்றை மின்சார சபை அமைத்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட, இந்தியா ஆட்சேபித்தது. 2022இல் அது இந்திய நன்கொடைத் திட்டமாயிற்று. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 530 கிலோவாற்று காற்றுமின், 1,700 கிலோவாற்று சூரியமின், 2,400 கிலோவாற்று மணி மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற்று துணை டீசல் என்பன அதன் அளவுகள். தீவகத்து மீனவனின் விளக்கு இரு பெரும் அரசுகளின் போட்டிப் பொருளாயிற்று. இயற்கை ஆற்றல் பொதுவானதெனினும் அதனைக் கைக்கொள்ளும் கருவி எவருடையது என்ற வினா அகலவில்லை.

மலையகத்தில் அவ்வினா மேலும் கூர்மையானது. இன்று தேசிய மின்வலை நாட்டின் ஏறத்தாழ எல்லா இல்லங்களையும் எட்டியுள்ளது. ஆனால் 2022இன் நெருக்கடியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. அதன் பின்னர் மின்கட்டணம் சராசரியாக 2022 ஆகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்குச் சொந்த மின் என்பது ஆடம்பரமன்று. எனினும் கூரையிற் சூரியத் தகடு பதிப்பதற்கு முதலிற் கூரை தனதாக இருத்தல் வேண்டும். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுக்கிடையே லயக் கூரை ஒருபோதும் அதன் கீழ் வாழ்ந்தவருக்கு உரித்தாகவில்லை.

இதற்கு மாறான அனுபவமும் நம் நாட்டில் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டக் கிராமங்களில் உலக வங்கியின் கடனுதவித் திட்டங்களின் கீழ்ச் சிறு நீர்மின் நிலையங்கள் அமைந்தன. அவற்றைக் கிராமத்தவரின் மின் நுகர்வோர் சங்கங்களே நிருவகித்தன. அம்மக்களுக்குக் காலூன்ற நிலம் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அது இருக்கவில்லை.

எனவே மலையகத்தில் காற்று–சூரிய மின்வழங்கல் பற்றிய உரையாடல் வீட்டு, காணி உரிமைப் போராட்டத்தினின்றும் பிரிக்கப்படலாகாது. உற்பத்திச் சக்திகள் எவ்வளவு வளரினும், உடைமை உறவு மாறாதவிடத்துப் புதிய சுழலியும் பழைய நீர்ப்பொறியின் வழியிலேயே பங்களாவுக்கு ஒளி தரும். தொழிலாளர் கூட்டாக உடைமை கொண்டு, தாமே பேணும் சங்கமாக அது அமையுமாயின், நீரைத் தந்து இருளைப் பெற்ற மலையக வரலாறு திருத்தி எழுதப்படும்.