ஃபியூஸ் மாற்றினால் பாட்டு இனிக்குமா?

வானொலியில் வேலை செய்பவன் வீட்டிலேயே பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் எப்படி? கடந்த ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு என் அப்பா அப்படித்தான் புகார் சொன்னார்.

"என்னமோ தெரியலடா. பாட்டு முன்ன மாதிரி பளிச்சுன்னு இல்ல. பாடுறவங்க எல்லாம் வார்த்தைய முழுங்குறாங்க."

ஸ்கூடாய் வீட்டு ஹாலில் இருக்கும் அந்த ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் அப்பாவின் சொத்து. சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்ச் சம்பாதித்த பணத்தில் வாங்கியவை. அம்மாவுக்குச் சங்கிலி வாங்கும் முன்பே இவற்றை வாங்கிவிட்டார் என்பது இன்றும் எங்கள் வீட்டில் ஓயாத வழக்கு.

அப்பாவின் புகாரைக் கேட்ட என் தம்பி சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரே ஒரு ஃபியூஸ். பிளக்குக்குள் போடுகிறோமே, அதே ஒரு அங்குல ஃபியூஸ்தான். ஆனால் இரு முனையிலும் தங்க முலாம். மின்சாரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி வேறு.

"எவ்வளவுடா?"

"நானூற்று எண்பது ரிங்கிட்."

வன்பொருள் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. அம்மா எதுவும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஃபியூஸின் வேலை என்ன?

தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் கவனித்திருக்கலாம். அங்கே உருண்டைக் கம்பி பிளக். உள்ளே ஃபியூஸ் கிடையாது. நம் நாட்டின் சதுரக் கம்பி பிளக் பிரிட்டனிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே செம்புத் தட்டுப்பாடு. செம்பை மிச்சப்படுத்த, வீடு முழுவதையும் சுற்றி வரும் ஒரே வளைய வயரிங் முறையைக் கொண்டு வந்தார்கள். அந்தப் பெரிய வளையத்துக்குப் பெரிய ஃபியூஸ் போட்டால், மேசை விளக்கின் மெல்லிய வயரை யார் காப்பாற்றுவது? அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு குட்டி ஃபியூஸை வைத்தார்கள். 1947-இல் வந்த அந்தத் தர அளவுதான் இன்று நம் சுவரில் இருப்பது.

உள்ளே ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அது சூடாகி உருகி, இணைப்பைத் துண்டிக்கும். வயர் எரியும் முன் தான் எரிந்து போவதுதான் அதன் வேலை.

பெட்டி சொன்ன கதை

தம்பி வாங்கி வந்த பெட்டியில், கம்பியைக் கடுங்குளிரில் உறைய வைத்துப் பதப்படுத்தியிருப்பதாகவும், அதனால் இசை 'திறந்து கொள்ளும்' என்றும் எழுதியிருந்தது. உலகம் முழுக்க இத்தகைய ஃபியூஸ்களுக்குச் சந்தை இருக்கிறது. நூற்றுக்கணக்கான அமெரிக்க டாலர் விலையிலும் விற்கிறார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அதற்கு அம்புக்குறி எந்தப் பக்கம் வழிகாட்டும்? அந்த மின்சாரம் துணை மின்நிலையம், தெரு கேபிள், வீட்டுச் சுவருக்குள் பல மீட்டர் செம்பு வயர் எல்லாவற்றையும் தாண்டித்தான் இந்த ஒரு அங்குலத்துக்கு வருகிறது. பிறகும் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஆம்ப்ளிஃபையருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது, டையோடுகள் அதை ஒரே திசையில் திருப்புகின்றன, பெரிய கெபாசிட்டர்கள் தொட்டியில் தண்ணீர் தேக்குவதுபோல் தேக்கி வைக்கின்றன. பாட்டுக்கு வேண்டிய சக்தி அந்தத் தொட்டியிலிருந்து போகிறது.

அப்படியானால் ஃபியூஸ் மாற்றியவர்கள் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்வது பொய்யா? பொய் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் ஈரக்காற்றில் ஃபியூஸைப் பிடிக்கும் உலோகக் கவ்விகளில் களிம்பு ஏறும், தளர்ந்தும் போகும். கழற்றி மாட்டும்போது அந்த அழுக்கு கொஞ்சம் உரசிப் போய், பழைய கோளாறு ஏதாவது தீர்ந்திருக்கலாம். அதைவிட முக்கியம், காசு கொடுத்து வாங்கிய பின் நாம் கூர்ந்து கேட்கிறோம். கூர்ந்து கேட்டால் பழைய பாட்டிலும் புதிதாக ஏதாவது கேட்கும்.

சாரத்துக்குப் பின்னால் ஒரு சோதனை

சரி, சோதித்துவிடுவோம் என்று பழைய பிளக்கைத் திறந்தேன். எனக்குக் கை நடுங்கிவிட்டது. உள்ளே இருந்த பழைய ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்! எப்போதோ ஃபியூஸ் போனபோது கடைக்குப் போகச் சோம்பல்பட்டு யாரோ செய்த 'ரிப்பேர்'. யார் என்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றுகிறார். எத்தனை ஆண்டுகள் அந்த வயர் காவலாளி இல்லாமல் எங்கள் ஹாலில் கிடந்ததோ!

அந்தப் பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரே மாதிரி இரண்டு வயர்கள் வாங்கினேன். ஒன்றில் சாதாரண ஃபியூஸ், மற்றதில் தம்பியின் தங்க ஃபியூஸ். பிளக் பக்கம் தெரியாதபடி ஒரு சாரத்தைத் தொங்கவிட்டோம். என் மனைவி சாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து எதை மாட்டுவது என்று முடிவு செய்வாள். ஒரே பாட்டு, ஒரே சத்த அளவு, பத்துச் சுற்று.

தம்பி ஐந்து முறை சரியாகச் சொன்னான். நான் நான்கு. அப்பா ஆறு. நாணயத்தையே கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கும்.

ஆனால் அன்று வேறொன்று எனக்கு உறைத்தது. பாட்டின் தொடக்கத்தில் மெல்லிய சலங்கை ஒலி ஒன்று வரும். பத்துச் சுற்றிலும் அப்பா அதைக் கேட்கவே இல்லை. "எங்கடா சலங்கை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்.

கோளாறு எங்கே இருந்தது?

வயதாகும்போது காதில் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். சலங்கை, ஜால்ரா மட்டுமல்ல. 'ஸ', 'ஷ', 'ச' போன்ற எழுத்துகளின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. அவை குறைந்தால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. பாடுகிறவர்கள் 'முழுங்கியதன்' காரணம் அதுதான். ஒலியையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, அரசாங்க மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். "எனக்கென்ன காது செவிடா?" என்று வழியெல்லாம் முறைப்பு. இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் பாட்டு மங்கிவிட்டதாகத் தோன்றினால், செலவில்லாத வழிகளிலிருந்து தொடங்குங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்து வையுங்கள். மூலையில் இருந்தால் பேஸ் குமுறும். மொசைக் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் வயர் முனைகளைத் துடைத்து இறுக்குங்கள்.

ஃபியூஸைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது அதன் அளவை. சிவப்பு நிறம் 3 ஆம்பியர், சுமார் 700 வாட் வரை. பழுப்பு நிறம் 13 ஆம்பியர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்கு. சாதனத்தின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவையே போடுங்கள். சிரிம் முத்திரை உள்ள பிளக்கை வாங்குங்கள். அடிக்கடி ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள். வெள்ளித்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நானூற்று எண்பது ரிங்கிட் ஃபியூஸ் இப்போது அம்மாவின் அலமாரியில், பெட்டியோடு இருக்கிறது. சங்கிலி விவகாரம் வரும்போதெல்லாம் வெளியே வரும்.

போன வாரம் என் காலை நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். "நீ மைக் முன்னால பேப்பர் திருப்புற சத்தம் கேக்குதுடா. பார்த்துப் பண்ணு" என்றார்.