பேராதனைப் பூங்காவுக்கு உகந்த காலம் எது?

டிசம்பர் மாதத்து இரவொன்றில் நெல்லியடிச் சந்தியில் மழைக்கு நடுவே பஸ் ஏறினார்கள், ஒரு பாடசாலையின் மாணவர்கள். மறுநாட் காலை பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வாயிலில் இறங்கியபோது அங்கும் மழை. ஓர்க்கிட் மனைக்குள் பத்து நிமிடம், பெரும் புல்வெளியின் ஓரமாக ஒரு சுற்று, அவ்வளவுதான். எஞ்சிய மரங்களை அவர்கள் பஸ் கண்ணாடிக்கு ஊடாகவே கண்டார்கள். திரும்பி வந்த சிறுமி ஒருத்தியிடம் பூங்கா எப்படி இருந்தது என்று வினவியபோது, "ஈரமாக இருந்தது" என்றாள்.

இது ஒரு பாடசாலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. மூன்றாந் தவணைப் பரீட்சை முடிந்த கையோடு மலைநாட்டுக்குப் புறப்படும் கல்விச் சுற்றுலாக்கள் பலவற்றின் கதியும் இதுவே. பிள்ளைக்கு ஒரு பயணம் காட்ட வேண்டுமென்று தாய்மார் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். வடமராட்சியில் அத்தகைய பயணம் பல பிள்ளைகளுக்குப் பள்ளி வாழ்வில் ஒரு தடவைதான் வாய்க்கிறது. அந்த ஒரு தடவையும் தவறான மாதத்தில் போய்விடுவது சிறிய இழப்பாகாது.

யாழ்ப்பாணத்தில் நாம் கண்டி வீதி என்று அழைக்கும் ஏ-9 பாதையின் மறுமுனையில், கண்டி நகரிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது இப்பூங்கா. பெயரில் கண்டியை வைத்திருந்த அந்த வீதி எமக்குக் கண்டியைக் காட்டாத காலமும் இருந்தது. யுத்தத்தால் தொண்ணூறுகளில் மூடுண்டிருந்த பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் மறுபடியும் அடைபட்டது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரே படிப்படியாகப் பொதுமக்களின் போக்குவரத்துக்கு வந்தது. அக்காலத்துத் தலைமுறைக்குப் பாதை திறந்திருக்கும் நாளே பருவம். இப்போது நாளைத் தெரிவு செய்யும் வாய்ப்பு எமது கையில் உண்டு. ஆயினும் தெரிவு செய்யும் பழக்கம் இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது.

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து சூழ, 147 ஏக்கரில் விரிந்திருக்கிறது பேராதனைப் பூங்கா. 1821 இல் அலெக்சாந்தர் மூன் என்பவரின் பொறுப்பில் அது தாவரவியற் பூங்காவாக அமைந்தது. குளிர்நாட்டுப் பூங்காக்களுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஜப்பானியர் செர்ரி மலரும் ஒரு சில வாரங்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பார்கள். காஷ்மீரத்து ஸ்ரீநகரிலுள்ள துலிப் தோட்டம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டுமே காட்சி தருவது. ஊட்டியில் மே மாதம் மலர்க்கண்காட்சி. பெங்களூர் லால்பாக்கில் ஜனவரியிலும் ஓகஸ்ட்டிலும். அவ்விடங்களில் பருவம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. பேராதனையிலோ என்றும் ஏதோ ஒன்று பூத்திருக்கும். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடியவர் 1901 இல் தம் துணைவியாருடன் வந்து நாட்டிய நாகலிங்க மரம், மாத பேதமின்றி அடிமரத்திலேயே மலர்கிறது. ஆகவே அங்கே பருவம் பார்ப்பதென்பது பூவைப் பார்ப்பதன்று, மழையைப் பார்ப்பது.

மழை விடயத்தில்தான் நாம் வழி தவறுகிறோம். நெல்லியடியில் நின்று அண்ணாந்து பார்த்து மலைநாட்டின் வானத்தை ஊகிக்கிறோம். எமது கணக்கில் ஆண்டுக்கு இரண்டே காலம்: மாரி, கோடை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழையே எமது கிணறுகளையும் வயல்களையும் நிரப்புகிறது. யாழ்ப்பாணம் ஆண்டில் பெறும் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களுக்குள் விழுந்துவிடும். வைகாசிக்குப் பின் சோளகம் எழும். பனையோலை சலசலக்க, புழுதி கண்ணை மறைக்க, ஒரு துளி தராமல் ஆவணி வரைக்கும் அது வீசும். எனவே, "சோளகத்தில் மழையில்லை, ஓகஸ்ட் விடுமுறையில் போகலாம்" என்று எண்ணுவது இயல்பே.

ஆனால் எமக்குப் புழுதி தரும் அதே சோளகம்தான் மலைநாட்டுக்கு மழை தருகிறது. தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் நீராவியை அள்ளிக்கொண்டு வரும் காற்று, மத்திய மலைத்தொடரில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, மலையின் மேற்குச் சரிவிலேயே தன் சுமையை இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி வடக்கே வந்து சேர்வது வெறுங்காற்று. ஜூன், ஜூலையில் எமது தோட்டங்களுக்கு நீர் இறைத்துக் களைக்கும் அதே நாட்களில் கினிகத்தனையிலும் வட்டவளையிலும் அடைமழை பெய்துகொண்டிருக்கும். கண்டிச் சமவெளி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தென்மேல், வடகீழ் ஆகிய இரு பருவக்காற்றுகளிடமும் அது மழை வாங்குகிறது. அதற்கு அப்பால், காற்றுகள் மாறும் இடைக்காலங்களில் பிற்பகல் இடிமழையும் உண்டு.

கண்டியின் சராசரி மழைவீழ்ச்சி ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் 260 முதல் 300 மில்லிமீற்றர் வரை செல்கிறது. டிசம்பரிலும் அது 200 ஐ அண்டியே நிற்கிறது. ஜனவரியில் சடுதியாகக் குறைந்து, பெப்ரவரியிலும் மார்ச்சிலும் 70 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்குகிறது. ஏப்ரலில் மீண்டும் ஏற்றம். வடக்கும் மலைநாடும் ஒருங்கே நனைவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒருங்கே வெயில் காண்பது ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. தமிழ் மாதங்களில் சொன்னால், தைப்பொங்கல் கழிந்த மறு வாரம் தொடங்கிப் பங்குனி முதல் வாரம் வரைக்கும்.

பேராதனைக்கு இதுவே முதன்மையான காலம். காலையில் மகாவலிப் பக்கமிருந்து மெல்லிய பனிப்புகார் எழும்பும்; ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். நிலம் காய்ந்திருப்பதால் பிள்ளைகள் புல்லில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். பெரியவர்கள் வழுக்கிவிழும் அச்சமின்றி ஆற்றோர வீதிவரை நடக்கலாம். மார்ச் பிறந்தால் பேராதனைச் சுற்றாடலில் தபெபுயா மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாய் நிற்கும். ஏப்ரலை ஒட்டிக் கொன்றை பூக்கும்.

இடையில் ஒன்று கூறவேண்டும். மழைக்காலப் பேராதனைக்கும் தனக்கென ஒரு சிறப்பு உண்டு. நூறடி உயரத்துக்கு எழும் இராட்சத மூங்கில் புதர்களில் ஜூலை, ஓகஸ்ட் மழைக்குக் குருத்துகள் வெளிவரும். ஒரு நாளில் ஓரடி வரையும் வளரும் குருத்தைக் காலையில் கோலால் அளந்துவிட்டு மாலையில் திரும்ப அளந்தால் வேறுபாடு தெரியும். உயர்தரத்தில் உயிரியல் பயிலும் மாணவர்கள் ஒரு குடையோடு அக்காலத்தில் போவதை நான் குறைகூறமாட்டேன். நான் பேசுவது ஐம்பது சிறுவர்களையும் நான்கு ஆசிரியர்களையும் ஏற்றிச் செல்லும் பஸ் வண்டியைப் பற்றியே.

ஏப்ரல் விடுமுறையில்தான் முடியும் என்போர் மணிக்கூட்டைக் கவனித்தால் போதும். அம்மாதத்து மழை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியோடு வருவது. பூங்கா திறக்கும் காலை 7.30 மணிக்கே உள்நுழைந்து நண்பகலுக்குள் வெளியேறுபவர் நனைவது அரிது. எமது சுற்றுலாக்களோ விடியலில் தம்புள்ளையில் இறங்கி, மாத்தளையில் காலையுணவு முடித்து, பதினொரு மணிக்கு மேல் பூங்காவை அடைகின்றன. மழை தவறாமல் நேரத்துக்கு வந்துவிடுகிறது.

ஓகஸ்ட் பற்றித் தனியாகச் சிந்திக்க வேண்டியுள்ளது. புலம்பெயர்ந்த உறவினர்கள் ஊர் வருவதும் அப்போதுதான். மழை அம்மாதத்தில் ஓரளவு தணிந்திருக்கும். ஆனால் கண்டியில் எசல பெரஹரா நடைபெறும் நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும். இங்கோ நல்லூரில் கொடியேறியிருக்கும். இருபத்தைந்து நாட்களும் விரதமிருக்கும் வீடுகளில் பயணப் பேச்சுக்கே இடமில்லை. பெரஹரா பூரணையோடு நிறைவுறுவது, நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வருவது. எனவே தீர்த்தம் முடிந்து புறப்படுவோருக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் கண்டியின் நெரிசல் இரு வாரங்களுக்கு முன்னரே கலைந்திருக்கும். ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சிறிய இடைவெளி இரண்டாவது நல்ல காலம்.

முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை றமழான் நோன்பையொட்டி அமைவது. பிறையாண்டு சூரிய ஆண்டிலும் பதினொரு நாள் அளவு குறுகியதாகையால், அந்த விடுமுறை ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2014 இல் நோன்பு ஜூலையில் அமைந்தது. பெருநாள் கழித்து மலைநாடு சென்றோர் தென்மேல் மழையில் அகப்பட்டிருக்கக்கூடும். 2026 இல் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரத்தில் அமைகிறது. 2028 இல் அது பெப்ரவரி இறுதிக்கு நகரும். அதாவது, தமிழ்ப் பாடசாலைகளின் விடுமுறைக்குள் அடங்காத பேராதனையின் மிகச் சிறந்த வாரங்கள் இவ்வாண்டுகளில் முஸ்லிம் பிள்ளைகளின் விடுமுறைக்குள் தாமாகவே வந்து விழுகின்றன. நோன்பு நாட்களில் 147 ஏக்கரை நடந்து பார்ப்பது பிள்ளைகளுக்கு இயலாது. பெருநாள் கழிந்த நாலைந்தாம் நாள் உகந்தது. அக்குறணை, மடவளை, கம்பளை என உறவும் பள்ளிவாசலும் உணவும் கிடைக்கும் ஊர்கள் அருகிலிருப்பதும் வசதி.

பேராதனையோடு ஹக்கலையையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. 1861 இல் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரத்தை வளர்க்கவென ஐயாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் தொடங்கிய தோட்டம் அது. பக்கத்தில் சீதையம்மன் கோயில் இருப்பதால் எம்மவர் அதனை அசோகவனமென்று சொல்லி வணங்கிச் செல்வதும் உண்டு. ஆனால் அதன் பருவம் வேறு. ரோஜாவும் குளிர்நாட்டுப் பூக்களும் பொலிவது ஏப்ரலில். நுவரெலியாவில் கூட்டம் பொங்கி வழிவதும் அப்போதே. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமான வாரங்களைத் தவிர்த்து, ஏப்ரல் கடைசியில் செல்வது நலம். ஜனவரி, பெப்ரவரியில் செல்வோர் கம்பளி உடையின்றிப் போகலாகாது. அதிகாலையில் புல்நுனியில் உறைபனி படியும் நாட்களும் அங்கு உண்டு.

இனி, தவிர்க்க வேண்டிய காலம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகளைப் பெயர்த்து வீடுகளின் மேல் தள்ளியது. மகாவலி கரைபுரண்டது. நாடெங்கும் பல நூறு உயிர்கள் பறிபோயின. வடகீழ்ப் பருவத்தில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம் எந்த ஆண்டு எங்கே திரும்பும் என்று மூன்று வாரங்களுக்கு முன் பஸ் பதிவு செய்யும் எவராலும் கூற இயலாது. நவம்பர், டிசம்பரில் போயே ஆக வேண்டியிருந்தால், புறப்படும் நாளன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, அவசியமானால் பயணத்தை நிறுத்தும் துணிவு பொறுப்பாசிரியருக்கு வேண்டும். முற்பணம் போய்விடுமே என்ற தயக்கம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

பெப்ரவரியில் எப்படிப் போவது என்று அதிபர்கள் கேட்பார்கள். முதலாந் தவணை, இல்ல மெய்வல்லுநர் போட்டி, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எனத் தடைகள் உண்மையே. என்றாலும் வேண்டியது ஒரு வெள்ளிக்கிழமை மட்டும். வியாழன் இரவு புறப்பட்டு, வெள்ளி காலை பூங்கா, சனி காலை கண்டியில் வேறிடங்கள், ஞாயிறு அதிகாலை வீடு. வார இறுதியில் கொழும்பிலிருந்து திரளும் கூட்டமும் வெள்ளியன்று இராது. டிசம்பரில் மூன்று நாள் செலவிட்டு ஈரத்தைக் கண்டு திரும்புவதிலும் ஒரு பாடசாலை நாளைக் கொடுத்து ஒரு பூங்காவை முழுமையாகக் காண்பது எந்தக் கணக்கில் நட்டம்?

முழுமையாகக் காண்பதென்றால் குறைந்தது நான்கு மணித்தியாலம். ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் எடுக்கும் சீசெல்ஸ் தீவின் இரட்டைத் தென்னை, வாழ்நாளில் ஒரேயொரு தடவை பூத்து மடியும் தாளிப்பனை ஆகியவற்றின் முன் ஆசிரியர் நின்று விளக்க வேண்டும். ஆற்றோரமாக நீளும் பனைமர நிரையையும் தவறவிடலாகாது. எமது வேலியோரத்து மரத்தை வெள்ளைக்காரர் அணிவகுத்து நாட்டி, அதற்கொரு வீதியும் அமைத்திருப்பதைக் கண்டு எமது பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு எண்ணத் தொடங்குவார்கள். அந்த நிரை வாயிலிலிருந்து தூரமானது. மழையில் அங்கு எவரும் போவதில்லை.

காலை 7.30 மணிக்குப் பேராதனை வாயிலில் நிற்க வேண்டுமாயின், வழியில் நிறுத்தங்களையும் சேர்த்து, முன்னிரவு ஒன்பது மணிக்கேனும் பஸ் கொடிகாமத்தில் கண்டி வீதியைத் தொட்டிருக்க வேண்டும். நெல்லியடியில் எட்டு மணி என்று சொல்லி ஒன்பதரைக்குப் புறப்படும் எமது வழக்கத்தை அந்த ஓர் இரவுக்கு மட்டும் விட்டுவிடலாம்.