காசநோய்க்குப் போனவரிடம் எச்.ஐ.வி. பரிசோதனை ஏன்?

கட்டைபறிச்சானில் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை. மூதூர் தள வைத்தியசாலையில் காட்டுகிறார், சளியைச் சோதித்ததில் காசநோய் என்று வருகிறது. திருகோணமலை மார்பு நோய்க் கிளினிக்கில் பதியும்போது, "ஐயா, எச்.ஐ.வி.க்கும் ஒருக்கா இரத்தம் பார்ப்பம்" என்கிறார்கள். அங்கேதான் பலருக்கும் முகம் சுருங்குகிறது. என்னைப் பற்றி என்ன நினைத்துவிட்டார்கள்?

ஒன்றும் நினைக்கவில்லை. காசநோய் என்று பதிந்த எல்லாரிடமும் கேட்பதுதான் நடைமுறை.

காசநோய்க் கிருமி உலகில் ஏறத்தாழ நாலில் ஒருவர் உடம்பில் தொற்றியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி இருந்தால் அவர்களில் 5 முதல் 10 வீதமானோருக்கே வாழ்நாளில் அது நோயாகிறது. எச்.ஐ.வி. அந்த எதிர்ப்புச் சக்தியையே தின்கிறது. உலகளவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைக் கூடுதலாகப் பறிப்பது காசநோய்தான். சளியில் கிருமி தென்படாமலே நோய் முற்றுவதும் இவர்களிடம் அதிகம்.

வைத்தியமும் மாறுகிறது. ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் டொலுடெக்ராவிரை உடம்பு சீக்கிரம் கரைத்துவிட அது வழிசெய்யும். அதனால் நாளுக்கு ஒருதரம் போடும் 50 மில்லிகிராம் குளிசையை இருதரம் போடவேண்டும். காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்தும் தொடங்குவது நல்லது. மூளைச்சவ்வில் காசநோய் என்றால் குறைந்தது நான்கு வாரம் பொறுக்கவேண்டும். இரத்தம் பார்க்காமல் இதில் எதை முடிவுசெய்வது?

இலங்கையில் காசநோயாளிகளுள் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. அப்படியானால் சந்தேகமானவர்களை மட்டும் சோதித்தால் போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். யாரைச் சந்தேகிப்பது? லொறி ஓட்டுபவரையா, வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண்ணையா? ஆள் பார்த்துக் கேட்டால் கேட்பதே பழியாகிவிடும். ஊசி குத்திய இடம் ஆறுமுன் கதை கட்டைபறிச்சான் பாலத்தைத் தாண்டிவிடும். எல்லாரிடமும் கேட்கும்போது யார் மேலும் விரல் நீளாது. சின்ன ஊர்களுக்கு இந்த முறை இன்னும் அவசியம் என்பேன்.

எதிர்த் திசையிலும் இதே வேலை நடக்கவேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வருபவரிடம் ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு என்ற நான்கையும் விசாரிக்கவேண்டும்.

பரிசோதனை அரச கிளினிக்கில் இலவசம். வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. சொன்னாலும் காசநோய்க் குளிசை நிற்காது.